அடைபட்ட சிறாரைக் காணச் செல்லுமுன்

எமது சபையைச் சார்ந்த உயர்தர வகுப்பு மாணவர் பதினொருவர், நன்னடத்தை இல்லமொன்றில் வைக்கப்பட்டிருக்கும் சிறாரை மாதத்தில் இருமுறை சென்று காணும் பணியினை மேற்கொள்ள விழைந்தனர். அயலிலுள்ள முஸ்லிம் பாடசாலையினின்றும் மூவர் அவரோடு இணைந்தனர். அவர்களை அப்பணிக்கு ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. முதற்கூட்டத்திலேயே ஒரு மாணவர் எழுந்து, அச்சிறாருக்கு எவற்றைக் கொண்டு செல்லல் வேண்டும் என்று வினாவினார். கொப்பி, பேனை, சவர்க்காரம், வாழைப்பழம், பழைய உடை என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லலாயினர். யாம் சுண்ணக்கட்டியைக் கையிற் பிடித்தபடி ஒன்றையும் கரும்பலகையில் எழுதாது நின்றோம். கைகளிற் கொண்டு செல்வதைப் பற்றிய பேச்சு எளிது. எத்தகைய கண்ணோடு செல்கின்றோம் என்பதே அரிய வினா. அவ்வினாவைப் பற்றி அடுத்துவந்த ஐந்து வாரங்களில் அம்மாணவரோடு யாம் ஆராய்ந்தவற்றுட் சிலவற்றை இங்கு எழுதப் புகுகின்றோம்.

இப்பொருள் எமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில், எம் ஊராகிய சவளக்கடைக்கு அண்மையிலுள்ள கல்முனையில், இத்தகைய இல்லமொன்றில் வைக்கப்பட்டிருந்த சிறுவனொருவன் உயிரிழந்தான். அங்குப் பணிபுரிந்த மேற்பார்வையாளரொருவர் அதன் தொடர்பிற் கைதானார். வழக்கைப் பற்றி யாம் ஒன்றும் உரைக்கப் புகுந்தோமல்லோம். அது நீதிமன்றத்தின்பாற் பட்டது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னர், 2022 டிசம்பர் இறுதியில், தமிழ்நாட்டிற் செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்திலும் ஒரு சிறுவன் இறந்தான். அங்குப் பணிசெய்தோர் அறுவர் கைதாயினர். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு அரசினர் ஒரு விசாரணைக் குழுவும் அமைத்தனர். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் நிகழ்ந்த இவ்விரண்டையும் செய்தித்தாளிற் படித்த எம்மனோர் இரண்டுநாள் வருந்தினோம். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்தது. கல்முனைச் சந்தைக்கு எத்தனையோ முறை போய்வந்த யாம், அங்கே அப்படியொரு கதவு உண்டென்பதை அச்சிறுவன் இறந்த பின்னரே நினைவுகூர்ந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அக்கதவுக்குப் பின்னே இருப்போர் யாவர் என்பதையே முதலில் மாணவருக்கு விளக்கினோம். பலரும் எண்ணுவதுபோல அவரெல்லாம் குற்றவாளிகள் என்பது பிழை. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் குற்றஞ்சாட்டப்பட்ட சிறாரை மாத்திரம் கருதியதன்று. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் சிறாரையும் அதே மன்றின்முன் கொணர்கின்றது. தாய் தந்தையரை இழந்தவன், வீட்டில் அடிபொறாது ஓடியவன், தெருவிற் கண்டெடுக்கப்பட்டவன் ஆகியோரும் அவ்வழியே இல்லத்துக்கு வரக்கூடும். வழக்கு முடியாது காத்திருப்போரும் உளர். அவரைச் சட்டம் இன்னும் குற்றவாளி என்று சொல்லவில்லை, எனினும் ஊர் சொல்லிவிட்டது. வயதெல்லையையும் எடுத்துரைத்தோம். 2018ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்படும் வரைக்கும், இந்நாட்டில் எட்டு வயதைக் கடந்த பிள்ளையைக் குற்றத்துக்குப் பொறுப்பாளியாக்கலாம். எட்டு வயதென்பது எம் பாடசாலையில் மூன்றாம் நான்காம் வகுப்பு. சப்பாத்து நாடாவைக் கட்டத்தெரியாது ஆசிரியையிடம் காலை நீட்டும் பருவம். இப்பொழுது அவ்வெல்லை பன்னிரண்டு.

பெயர்களும் ஆராயத்தக்கன. 1902இல் இங்கிலாந்திற் கென்ற் பகுதியிலுள்ள போர்ஸ்டல் என்னுஞ் சிற்றூரில் இளைஞர்க்கென ஒரு சிறைமுறை தொடங்கப்பட்டது. நாளடைவில் அவ்வூர்ப்பெயரே அவ்வகைச் சிறைகளுக்கெல்லாம் பொதுப்பெயராய்ச் சென்னை மாகாணம் வரை பரந்தது. அவ்வூரிற் பிறந்தோர் தம் ஊர்ப்பெயரைப் பிறரிடஞ் சொல்ல எவ்வளவு கூசியிருப்பரோ! நம் நாட்டிலும் மாகோலை, அச்சுவேலி முதலிய இடங்களில் உள்ளவற்றுக்குச் சான்றுபெற்ற பாடசாலை என்று பெயர். பாடசாலை என்னும் பெயர் நன்றே. ஆயின் மணியடித்ததும் வீட்டுக்குப் போகக்கூடாத பாடசாலை அது என்பதை, அங்குச் செல்லும் மாணவர் ஒருபொழுதும் மறத்தல் கூடாது.

இனி எமது பிழையொன்றைச் சொல்லல் வேண்டும். யாம் மிசன் பாடசாலையிற் கற்றவர். எமக்குப் பதினான்கு வயதாயிருந்தபொழுது, கிறித்துமசுக் காலத்தில், எம் ஆசிரியரொருவர் எம்முள் எண்மரை இத்தகைய இல்லமொன்றுக்கு அழைத்துச் சென்றார். அவர் நல்லவர். சிறையிலிருப்போனைக் காணச் செல்வது ஆண்டவனையே காணச் செல்வதாகும் என்னுங் கருத்தை, மத்தேயு சுவிசேடத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைக் கொண்டு வழிநெடுகிலும் எமக்கு விளக்கினார். ஆயின் அங்கே எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்பதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேக்குத் துண்டங்களைக் கொடுத்து முடிந்ததும், படியில் அமர்ந்திருந்த எம் வயதொத்த சிறுவனொருவனின் அருகிற்போய், "நீ என்ன செய்து இங்கே வந்தாய்?" என்று கேட்டோம். அவன் சற்றுந் தயங்காது, எழுத்துப் பிசகாமல், மனப்பாடம் ஒப்புவிப்பவன்போல முழுவதையுஞ் சொன்னான். சொல்லி முடித்து, எம் முகத்தைப் பார்த்து, கேக்கின் மிகுதியை உண்டான். அவன் மனந்திறந்து பேசினான் என்றெண்ணி யாம் அன்று பெருமிதங் கொண்டோம். வருவோரெல்லாம் அதையே கேட்பர், கேட்டால் சொல்லல் வேண்டும், அந்தக் கேக்குக்கு அவன் கொடுக்கும் விலை அதுவே என்பது எமக்கு விளங்கப் பல்லாண்டுகள் சென்றன.

அவ்வளவோடு நின்றதன்று. புறப்படும்பொழுது அவன் எம் கையில் ஒரு சிறு தாளைத் தந்தான். அவனுடைய தாயின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. அவ்வூர் எம் வழியில் இருப்பதே. தான் நலமாயிருப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டான். "கட்டாயம் சொல்வேன், அடுத்த மாதம் மறுமொழியோடு வருவேன்" என்றோம். அத்தாள் எமது கேத்திரகணிதப் பெட்டியில் ஓராண்டு கிடந்தது. அடுத்த மாதம் எவரும் எம்மை அழைத்துச் செல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. தாளை இழந்தது எப்பொழுதென்பதுகூட நினைவில்லை. அவன் எத்தனை மாலைப்பொழுதுகள் அப்படியிலிருந்து வாயிலைப் பார்த்திருப்பான் என்னும் எண்ணம், ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் எம்மை விட்டு நீங்கவில்லை. களவெடுத்தவன் அவனாக இருக்கலாம். அவனிடத்திலிருந்த நம்பிக்கையை எடுத்துச் சென்று திருப்பிக் கொடாதவர் யாம்.

இதனைக் கேட்ட மாணவரும் எம்மைப் போலவே மௌனமாயினர் என்றெழுதினால் அது உண்மையாகாது. அவருள் ஒருவர், சைவசித்தாந்த வகுப்பில் முதல்வர், எழுந்து நேரே ஒரு தடையை எழுப்பினார். அவரவர் வினையை அவரவர் அனுபவித்தே தீர்தல் வேண்டும் என்பது நம் சமயக் கொள்கையாயிருக்க, அச்சிறார் தம் வினைப்பயனை நுகருங்கால் நாம் இடையிற் புகுவதாற் பயன் என்னை என்பது அவர் தடை. இது எளிதில் ஒதுக்கற்பாலதன்று. இதே சொல்லைப் பெரியோர் பலர் வாயிலும் கேட்டிருக்கின்றோம். பெரும்பாலும் அது உதவி கேட்டு வந்தோரை அனுப்பிவிடுவதற்கே பயன்படுகின்றது.

யாம் அவருக்குக் கந்தபுராணத்தைக் கொண்டு விடைசொன்னோம். நம் கோயில்களிற் புராணபடனங் கேட்டு வளர்ந்தோர்க்குச் சயந்தனைத் தெரியும். இந்திரன் மைந்தனாகிய அவன் சூரபன்மனுடைய நகரிலே தேவரோடு சிறையிலிருந்து புலம்புகின்றான். கச்சியப்ப சிவாசாரியார் அடுத்து அமைத்திருப்பவற்றை நோக்குக. அப்பிள்ளையின் கனவிலே முருகப்பெருமான் எழுந்தருளித் தேற்றுகின்றார். அதன்பின், தூதராக அனுப்பப்பட்ட வீரவாகுதேவர் மகேந்திரபுரியுட் புகுந்து, சூரனுடைய அவைக்குச் செல்லுமுன்னர்ச் சிறைக்கே செல்கின்றார். அரசனைக் காணவந்த தூதர் முதலிற் கண்டது அடைபட்ட பிள்ளையை. கடலைத் தாண்டிய வன்மையுடையவர் அவர். எனினும் அன்று சிறைக்கதவை உடைத்தாரல்லர். ஆறுதல் மொழிந்து, விடுதலை வரும் என்பதை உணர்த்தி, அவ்வளவில் நீங்கினார். அதற்கென்றே நூலில் ஒரு படலம் உளது. சயந்தனுடைய விலங்கு அன்று கழலவில்லை. அவன் தனியன் என்னும் எண்ணமே கழன்றது.

அத்தேவர் குற்றமற்றவர் என்று சொல்லிப் புராணம் இதனை எளிதாக்கவில்லை. தாம் இத்துன்பமுற்ற காரணம் யாதென்று சயந்தன் வினாவ, தக்கன் வேள்வியிற் சென்று அவியுண்ட பழியே அது என்று வியாழபகவான் விளக்குவதாகவே தக்க காண்டம் எழுகின்றது. ஆகவே வினையும் உண்மை, அவ்வினையால் வந்த சிறையும் உண்மை. அவ்வுண்மையை முற்றும் அறிந்த பெருமானே கனவிற் சென்றார், தூதரையும் ஏவினார். வினையுண்டு என்பது செல்லாதிருத்தற்குக் காரணமாயின், முதலிற் செல்லாதிருத்தற்குரியவர் அவரே. மேலும், அச்சிறுவனுடைய வினை அவனை அங்கே கொணர்ந்தது என்று கணக்கிடும் நாம், வாயிலைக் கடந்து போகாதிருக்கும் நமது வினையை எந்த ஏட்டிற் பதிகின்றோம்? தடையெழுப்பிய மாணவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்லோம். சிந்திப்பதாகச் சொல்லி அமர்ந்தார். அதுவே எமக்கு மகிழ்ச்சி.

மூன்றாம் வாரத்தில் ஒரு பயிற்சி செய்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து, பதினைந்து வயது நிரம்புமுன் தாம் செய்து, எவரும் பிடியாது தப்பிய தவறொன்றை எழுதும்படி பணித்தோம். எவரும் எவருக்கும் காட்டலாகாது. எழுதி மடித்துத் தாமே எரித்துவிடல் வேண்டும். யாமும் ஒரு தாள் எடுத்து எழுதினோம். முதலிற் சிரிப்பொலி எழுந்தது. பின்னர்ப் பேனைகள் ஓடும் ஒலி மாத்திரமே கேட்டது. பதினால்வருள் ஒருவரேனும் வெறுந்தாளை மடிக்கவில்லை. எரித்து முடித்தபின் ஒரு வினாவை மாத்திரம் கேட்டோம்: அன்று பிடிபட்டிருந்தால் உமக்காக வந்து நின்றிருப்போர் யாவர்? தந்தை, மாமன், பள்ளிவாசல் தலைவர், கோயில் வண்ணக்கர், அதிபர் என ஒவ்வொருவரும் சொன்னார். எம் ஊர்களில் நடப்பது அதுவே. ஆளுள்ள பிள்ளையின் தவறு திண்ணையிற் பேசித் தீர்க்கப்படுகின்றது. ஆளில்லாப் பிள்ளையின் தவறு நீதவான்முன் செல்கின்றது. இல்லத்திலுள்ளோர் எல்லாரும் அவ்வாறு வந்தவர் என்று யாம் துணியவில்லை. பெருந்தீங்கு செய்தோரும் அவருள் இருக்கலாம். அவரால் துன்புற்றோரின் கண்ணீரும் கண்ணீரே. ஆயினும் உள்ளிருப்போனுக்கும் தமக்கும் இடையிலுள்ள சுவர் எதனாற் கட்டப்பட்டது என்பதை அம்மாணவர் அன்று சற்று நிதானித்தனர்.

இதனை நம் சித்தாந்தம் முன்னரே தெளிவாக்கியிருக்கின்றது. செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரோடு உடனிருப்பது. களிம்பில்லாச் செம்பு இன்னும் வெட்டியெடுக்கப்படவில்லை. ஆதலிற் காணச் செல்வோன் துலக்கிய பாத்திரமும், காணப்படுவோன் களிம்பேறிய பாத்திரமும் ஆகான். இன்னொன்று: உயிர் சார்ந்ததன் வண்ணமாவது, செம்மலரைச் சார்ந்த பளிங்கு செந்நிறங் காட்டும். ஒரு சிறுவன் களவுத்தொழிலாரைச் சார்ந்தான், அவ்வண்ணமானான் என்று சொல்லி அக்கொள்கையை நிறுத்திவிடுவோர் பலர். இப்பொழுது அவன் எதனைச் சார்ந்திருக்கின்றான் என்று கேட்போர் சிலரே. சுவர், பூட்டு, அதட்டல் ஆகியவற்றை மாத்திரம் சார்ந்த பளிங்கு வேறென்ன வண்ணங் காட்டும்? மாதம் இருமுறை இரண்டு மணிநேரம் அவனோடு கரம் ஆடி, கணக்குச் சொல்லிக் கொடுத்து, அவனது பகிடிக்குச் சிரிக்கும் ஒரு மாணவன் மிகச் சிறிய சார்பே. சிறிதென்பதை மறைக்கவில்லை.

சபையிலே எழுந்த ஒரு கருத்து வேறுபாட்டையும் இங்குக் குறித்தல் நேர்மை. அச்சிறாருக்குச் சமயத் துண்டுப்பிரசுரங்களைக் கொண்டு சென்று கொடுத்தல் வேண்டும், நமது பிள்ளைகள் பிறசமயம் புகாதிருக்க இதுவே தருணம் என்று எம் மதிப்புக்குரிய முதியோர் சிலர் வற்புறுத்தினர். யாம் உடன்படவில்லை. வைத்தியசாலைக் கட்டிலிலும் அநாதைச் சாலையிலும் கிடப்போரிடம் மிசனரிமார் சமயம் போதித்ததை நம் முன்னோர் தக்க காரணத்தோடு கண்டித்தனர். கேட்கப் பிடியாவிட்டால் எழுந்துபோக இயலாதவனிடம் போதித்தல் போதனையாகாது என்பதே அக்கண்டனத்தின் உயிர். பூட்டிய கதவுக்குள்ளே அதனையே நாம் செய்தால் அக்கண்டனம் நம்மீதே திரும்பும். சைவப்பிள்ளையொருவன் தானே விரும்பித் திருநீறு கேட்டால், இல்லப் பொறுப்பாளரின் இசைவோடு மகிழ்ந்து கொடுக்கலாம். அதற்கப்பால் வேண்டாம். இதனை எம் நண்பராகிய முஸ்லிம் ஆசிரியரிடங் கூறியபொழுது, ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டோனுக்கும் கைம்மாறு கருதாது உணவளிப்போரைக் குர்ஆன் ‘இன்ஸான்’ என்னும் அத்தியாயத்திற் போற்றுகின்றது என்று எடுத்துக்காட்டினார். கைம்மாறு கருதாமை என்பதிற் சமயமாற்றத்தைக் கருதாமையும் அடங்கும் என்று இருவரும் ஒருமனப்பட்டோம். காரைதீவில் 1892இற் பிறந்து, மிசன் பாடசாலைகளிற் கற்று, பின்னர்த் துறவுபூண்டு, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பாடசாலையும் நடத்திய விபுலாநந்த அடிகளாரின் மண்ணில் இப்பேச்சு புதிதன்று.

மாணவர் விலக்கவேண்டியவை பற்றிச் சொல்வது எளிது. என்ன செய்து வந்தாய் என்று கேளற்க. அவனாகச் சொன்னாற் கேட்டு, வெளியிற் சொல்லற்க. ஒருவனுக்கு மாத்திரம் பரிசு கொடுக்கற்க. கைத்தொலைபேசியை வாயிலிலேயே ஒப்படைத்துச் செல்க. படம்பிடித்து முகநூலில் இடுவோர், தம் தருமத்தை விளம்பரஞ் செய்வதற்கு அச்சிறுவனுடைய முகத்தை வாடகையின்றி எடுத்துக்கொள்கின்றனர். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளையின் அந்தரங்கம் வழக்கின் எல்லா நிலையிலும் காக்கப்படல் வேண்டும் என்கின்றது. ‘பாவம்’ என்னுஞ் சொல்லை வாயிலும் முகத்திலும் கொண்டு செல்லற்க. தம்பி என்றழைத்து, பெயரைக் கேட்டு, அடுத்தமுறை அப்பெயரை மறவாது சொன்னாற் போதும்.

தாளையும் செய்தியையும் வாங்குவது பற்றி மாணவர் நெடுநேரம் வாதாடினர். இரக்கமுள்ளோர் வாங்கவே விரும்புவர். யாமும் அன்று இரக்கத்தாலேயே வாங்கினோம். "இதனை நான் கொண்டுபோக இயலாது, வா, இருவருமாகப் பொறுப்பாளரிடம் கேட்போம்" என்று சொல்லப் பழகினோம். ஒருவர் சிறுவனாகவும் மற்றவர் மாணவனாகவும் நடித்துப் பார்த்தபொழுது, மறுத்துச் சொல்வதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியது.

கடினமானது இன்னொன்று. சிறுவனொருவனின் கையில் அடியின் தழும்பைக் கண்டால் என்செய்வது? எவருக்கும் சொல்லவேண்டாம் என்று அவன் மன்றாடினால் என்செய்வது? நம் மாணவர் சோதனை அதிகாரிகள் அல்லர். பொறுப்பாளரை ஐயக்கண்ணோடு நோக்குவாராயின் அவ்வாயில் மறுமுறை திறவாது. அங்குப் பணிபுரிவோருட் பெரும்பாலார், ஆட்பற்றாக்குறைக்கும் அற்ப சம்பளத்துக்கும் இடையே தம்மால் இயன்றதைச் செய்வோரே. ஆயினும் பிள்ளையின் உடம்பிற் பட்ட காயத்தைக் கண்டும் காணாதிருப்பதற்கு நட்பு என்னும் பெயர் பொருந்தாது. ஆகவே முதல்நாளே சிறாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று துணிந்தோம்: "நீ சொல்வதை நான் பிறருக்குச் சொல்லேன்; உன்னை எவரேனும் துன்புறுத்தினால் அதை மாத்திரம் எம் ஆசிரியருக்குச் சொல்வேன்." மாணவர் எமக்கு அறிவித்தல் வேண்டும், யாம் நன்னடத்தை அலுவலருக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னுந் தொலைபேசி இலக்கத்துக்கோ அன்றே அறிவித்தல் வேண்டும். அதனால் அவ்வில்லத்தின் நட்பை இழக்க நேரின் இழப்பதே கடன். இதனை எழுதுவது எளிது. அந்நாள் வந்தால் எமது கை தொலைபேசியை எடுக்குமோ என்று எம்மையே ஐயுறுகின்றோம். ஆதலின் அவ்விலக்கத்தை அழைக்கும் பொறுப்பை எம்மோடு வேறிருவருக்கும் பகிர்ந்தளித்திருக்கின்றோம்.

ஐந்தாம் வார முடிவில் மூவர் விலகினர். பரீட்சை அண்மித்தமையால் ஒழுங்காக வர இயலாது என்று நேர்மையாகச் சொன்னார். அவரை யாம் பாராட்டி அனுப்பினோம். ஒருமுறை வந்து மறைவோனைவிட ஒருமுறையும் வாராதோன் அச்சிறாருக்கு நல்லவன்.

எஞ்சிய பதினொருவரோடும் வரவு நாட்களை வகுத்துக்கொண்டிருந்தபொழுது, வெறுந்தாளைப் போல எப்பொழுதும் பேசாதிருக்கும் கடைவாங்கு மாணவரொருவர் கேட்டார்: "கார்த்திகை, மார்கழியிற் கிட்டங்கியில் வெள்ளம் ஏறினால் கல்முனைப் பக்கம் போக இயலாதே, ஐயா, அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே?" அது எமக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் வழி மூடப்படக்கூடும் என்பதை முதல்நாளே சிறாருக்குச் சொல்லிவைப்பதென்றும், மூடப்பட்டால் காலை ஒன்பது மணிக்கு முன்னர் இல்லத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, அச்செய்தி ஒவ்வொரு சிறுவனுக்கும் பெயர்சொல்லித் தெரிவிக்கப்பட்டதா என்று கேட்டறிவதென்றும் தீர்மானித்து, அப்பொறுப்பை அம்மாணவரிடமே ஒப்புவித்தோம்.